காணாமல் கொண்ட பொருளும் கேளாமல் கொண்ட ஒலியும்

சந்தைக்குச் செல்கின்றவர் எப்பொருளையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தே வாங்குவார். மண்பானையை விரலால் தட்டிப் பார்ப்பார். அரிசியை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்ப்பார். துணியின் ஓரத்தைக் கசக்கிப் பார்ப்பார். புதுப்பொருளுக்கே இத்துணைச் சோதனை எனின், ஒருவர் பல்லாண்டு பயன்படுத்திக் கைமாற்றும் பொருளுக்கு எத்துணைச் சோதனை வேண்டும்! அதிலும் வானொலிப் பெட்டி, இசைத்தட்டுக் கருவி, ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கர் முதலியவற்றின் மதிப்பு முழுவதும் அவை எழுப்பும் ஒலியிலேயே அடங்கியிருக்கின்றது. வாங்குகின்றவருக்கு அதனை அளக்கும் கோல் அவருடைய காது ஒன்றே. அத்தகைய பொருளை, முகமறியாத ஒருவரிடமிருந்து, ஆயிரங்கல் தொலைவிலிருந்து, ஒரு நொடியேனும் கேட்டுப் பாராமல் பணம் செலுத்தி வாங்கும் வழக்கம் 1995ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் பரவிற்று. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, இதனால் வாங்குவோரும் விற்போரும் பெற்றதென்ன, இழந்ததென்ன என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் பழைய நிலையைப் பார்ப்போம். நியூயார்க் நகரின் கீழ்மன்ஹாட்டன் பகுதியில் கோர்ட்லண்ட் தெருவைச் சுற்றி 'ரேடியோ ரோ' என்றொரு கடைவீதி இருந்தது. 1920களில் வானொலி பரவத் தொடங்கியபோதே அவ்வீதியும் வளரத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இராணுவத்தின் உபரிக் கருவிகள் மலைபோல் அங்கே வந்து குவிந்தன. வால்வுகள், டிரான்ஸ்பார்மர்கள், மீட்டர்கள் ஆகியவற்றைக் கூடைகளில் கொட்டிவைத்து விற்றனர். அவற்றைப் பொறுக்கிச் சென்றே பல இளைஞர் தம் முதல் ஆம்பிளிஃபயரை வீட்டிலேயே கட்டினர். 1966இல் உலக வர்த்தக மையக் கோபுரங்களை எழுப்பும் பொருட்டு அவ்வீதியை இடித்துத் தள்ளினர். லண்டனில் லைல் தெருவிலும் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையிலும், டோக்கியோவில் அகிஹபாராவிலும் இவ்வாறான கடைகள் இருந்தன.

இக்கடைகளில் பழங்கருவியை வாங்கிய முறை எளிது. கடைக்காரர் கருவியை மேசைமேல் வைத்து மின்இணைப்புக் கொடுப்பார். வாங்க வந்தவர் கேட்பார். குமிழைத் திருகிப் பார்ப்பார். கரகரப்பு எழுந்தால் புருவத்தை நெரிப்பார். பின்னர் விலை பேசப்படும். கருவி பழுதாயின் அடுத்த வாரம் தூக்கிக்கொண்டு அதே வாசலுக்கு வரலாம். கடைக்காரர் எங்கும் ஓடிவிட மாட்டார். இவ்வசதிக்காகவே வாங்கியவிலைக்கும் விற்றவிலைக்கும் இடையே கணிசமான தொகையை அவர் எடுத்துக்கொண்டார். அத்தொகையைக் கொள்ளை என்று பழித்தவரும் உண்டு. எனினும், அது அவருடைய காதுக்கும் அவர் ஏற்ற பொறுப்புக்கும் தந்த கூலி என்றே நாம் கருதுகின்றோம்.

கடையை விட்டால் எஞ்சியது வரி விளம்பரம். இங்கிலாந்தில் 'எக்ஸ்சேஞ்ச் அண்ட் மார்ட்' எனும் வாரஇதழ் 1868இலேயே இதற்கெனத் தோன்றிற்று. வரிக்கோ சொல்லுக்கோ கட்டணம் செலுத்தும் விளம்பரத்தில் பொருளின் பெயர், விலை, தொலைபேசி எண் இவற்றிற்கு மேல் எவரும் எழுதவில்லை, எழுதினால் காசு. ஆகவே விளம்பரம் ஆளை வரவழைக்கும் அழைப்பாக மட்டுமே நின்றது. உண்மையான வணிகம் விற்பவரின் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. எவ்வளவு தூரம் காரில் சென்று வரலாமோ அதுவே சந்தையின் எல்லை.

அந்நாளைய சந்தையின் பெருங்குறை, அறிவு ஒரு பக்கமே குவிந்திருந்தமையாகும். இதற்குச் சரியான எடுத்துக்காட்டு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கருவிகள். 1920களின் பிற்பகுதியில் பேசும்படம் வந்தபோது அமெரிக்கத் திரையரங்குகளுக்கு ஆம்பிளிஃபயர்களையும் பெருங்குழல் ஸ்பீக்கர்களையும் செய்தளித்தது அந்நிறுவனமே. காலப்போக்கில் அவை திரையின் பின்னாலும் நிலவறையிலும் தூசுபடிந்து கிடந்தன. 1970களில் ஜப்பானியச் சேகரிப்பாளருக்காக அவற்றைத் தேடி வணிகர் அமெரிக்காவெங்கும் அலைந்தனர். அரங்க உரிமையாளர்க்கு அது பழைய இரும்பு. டோக்கியோவில் அதைக் கேட்டவர்க்கோ விலைமதிப்பற்ற செல்வம். இடையில் நின்றவர் ஒருவர்க்கே இரண்டு விலையும் தெரிந்திருந்தது.

இவ்வறிவுக் கோணலைப் பற்றி ஜார்ஜ் அகெர்லாஃப் எனும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் ஒரு கட்டுரை வரைந்தார். பழைய கார்ச் சந்தையை அவர் எடுத்துக்கொண்டார். காரின் குறை விற்பவர்க்குத் தெரியும், வாங்குபவர்க்குத் தெரியாது. ஏமாறுவோமோ என்றஞ்சி வாங்குபவர் குறைந்த விலையே கேட்பார். அவ்விலைக்கு நல்ல காரை விற்க எவரும் முன்வரார். ஈற்றில் சந்தையில் எஞ்சுபவை கெட்ட கார்களே! இவ்வாராய்ச்சிக்காக 2001இல் வேறிருவருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பொருளைக் கண்ணெதிரே நிறுத்தி விற்கும் இடத்திலேயே நிலை இதுவெனின், காணாமலும் கேளாமலும் விற்கும் சந்தை ஒன்று எழுந்தால் ஒரே வாரத்தில் மாண்டுபோகும் என்றே அறிவுடையார் எவரும் கணித்திருப்பர். நடந்ததோ வேறு.

1995 செப்டம்பரில், கலிஃபோர்னியாவில் கணினிப் பணியிலிருந்த பியர் ஒமிட்யார் என்பவர் தம் ஓய்வு நாட்களில் இணையத்தில் ஓர் ஏலத்தளத்தை அமைத்தார். பாரிசில் ஈரானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர் அவர். 'ஆக்‌ஷன்வெப்' எனப் பெயரிடப்பட்ட அதுவே 1997இல் 'ஈபே' ஆயிற்று. அங்கே முதலில் விற்ற பொருள் உடைந்துபோன லேசர் சுட்டுக்கோல் ஒன்று. விலை 14 டாலர் 83 சென்ட். உடைந்த பொருளை அறிந்தே வாங்கவும் உலகில் ஒருவர் இருக்கின்றார் என்பதை அவ்விற்பனை காட்டிற்று.

பழைய ஒலிக்கருவிகள் இச்சந்தைக்கென்றே காத்திருந்தவை போல் அமைந்தன. 1982இல் குறுந்தட்டு வெளிவந்தபின், மேலைநாட்டு இல்லங்களில் இசைத்தட்டுக் கருவிகள் பரணுக்கு ஏறிவிட்டன. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்த தலைமுறை மறையத் தொடங்கிய காலமும் இதுவே. மேலும், ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலை இட்ட மாதிரி எண் உண்டு. 'காரார்டு 301' என்று எழுதித் தேடினால், 1950களில் இங்கிலாந்தில் செய்த அதே கருவியே வந்து நிற்கும். பழைய சட்டைக்கோ நாற்காலிக்கோ இவ்வசதி இல்லை. தோரன்ஸ் டி.டி.124, குவாட் மின்நிலை ஸ்பீக்கர், மக்கின்டாஷ் எம்.சி.275 என இவ்வாறு பெயரும் எண்ணும் பெற்ற கருவிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஈபேயை அடுத்து, ஒலிக்கருவிகளுக்கென்றே 'ஆடியோகான்' முதலிய தனிச்சந்தைகளும் தோன்றின.

விலையில் நேர்ந்த மாற்றமே முதலில் கண்ணுக்குப்பட்டது. முன்னர்ப் பழங்கருவியின் விலையை வணிகர் கைக்கொண்டிருந்த விலைப்பட்டியல் நூல்கள் கூறின. விற்க வந்த விதவைப் பெண்ணுக்கு அந்நூல் கிடைக்காது. இணையச் சந்தையிலோ, எப்பொருள் எவ்விலைக்கு உண்மையில் விற்றது என்பது எவரும் பார்க்கும்படி பதிவாகி நின்றது. கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு என்பதை வணிகர் அறிவர்; இப்பொழுது ஊரும் அறிந்தது. கணவர் விட்டுச்சென்ற மரண்ட்ஸ் ஆம்பிளிஃபயர் என்ன பெறும் என்பதை அப்பெண் தம் வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டார். இதனை நாம் பெரும் நன்மை என்றே சொல்வோம். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட இனி எந்தத் திரையரங்கு உரிமையாளரும் உடன்படார்.

நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. கையில் காசில்லாத மாணவர் ஒருவர் பழைய சாமான் கடையின் மூலையில் நல்ல கருவியொன்றை ஐந்து டாலருக்குக் கண்டெடுக்கும் பேறு அருகிவிட்டது. கடைக்காரரும் கணினியில் விலை பார்த்த பின்னரே சீட்டு ஒட்டலானார். ஒரு திரைப்படம் ஒரு கருவியின் விலையை ஏற்றிவிடும் விந்தையும் நிகழ்ந்தது. 1979 ஜூலையில் சோனி வெளியிட்ட முதல் வாக்மன், 2014இல் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' படத்தில் தோன்றியபின், பரணிலிருந்து இறங்கிப் பெருவிலை பெறத் தொடங்கிற்று.

இனி நம்பிக்கையின் கதைக்கு வருவோம். முகமறியாதார் இருவர் ஒருவரையொருவர் நம்புவதற்கு ஒமிட்யார் 1996 பிப்ரவரியில் ஒரு வழி செய்தார். விற்பனை முடிந்தபின் வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் ஒரு வரி எழுதிவைக்கலாம். அவ்வரி எல்லோர் கண்ணிலும் படும். ஊரில் ஒருவரின் நற்பெயர் தெருவழியே பரவுவது போல், இங்கே எழுத்தில் பரவிற்று. அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதன் மதிப்பை அளக்க விரும்பினர். நற்பெயர் பெற்ற ஒரு விற்பனையாளர், ஒரே வகையான பழைய அஞ்சலட்டைகளில் பாதியைத் தம் பெயரிலும் மீதியைப் புதுப்பெயர்களிலும் விற்றார். 2006இல் வெளியான அவ்வாய்வின்படி, நற்பெயரோடு விற்றவற்றிற்கு வாங்குவோர் 8.1 விழுக்காடு கூடுதலாகத் தர முன்வந்தனர். நாணயத்திற்கு விலை உண்டு என்பது இவ்வாறு கணக்காயிற்று.

ஆயினும், அம்முறையிலும் ஓட்டை விழுந்தது. வாங்கியவர் குறை எழுதினால், விற்றவரும் பழிக்குப் பழியாய்க் குறை எழுதினார். அஞ்சி வாய்மூடியவர் பலர். ஆதலின் 2008இல் விற்பவர் வாங்குபவரைப் பற்றிக் குறை எழுதலாகாது என ஈபே விதித்தது. விற்போர் பெரிதும் சினந்தனர். நல்ல கருவியை வாங்கி, அதனுள்ளிருக்கும் நல்ல வால்வுகளைக் கழற்றிக்கொண்டு, கெட்டவற்றை இட்டுத் திருப்பியனுப்பும் கயவரும் உண்டு என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மையில்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பகுதியை ஓதியவர்க்கு இவ்வழக்குகள் எவையும் புதியனவாய்த் தோன்றா. காணாத பொருளை விற்பது பற்றி இமாம்கள் நுணுகி ஆய்ந்துள்ளனர். ஹனஃபி மத்ஹபில் அவ்விற்பனை கூடும். ஆனால் பொருளைக் கண்டபின் ஏற்கவோ தள்ளவோ வாங்கியவருக்கு உரிமையுண்டு. இதுவே 'கியாருர் ருஃயா'. ஷாஃபி மத்ஹபின் வலுவான முடிவின்படி அவ்விற்பனையே கூடாது. மறைந்திருந்த ஐபு வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமையை இரு சாராரும் ஏற்கின்றனர். விவரித்தபடி பொருள் அமையாவிடின் பணத்தைத் திருப்புவோம் என்று இணையச் சந்தைகள் பின்னாளில் விதி செய்தபோது, இதே இடத்திற்கே வந்து சேர்ந்தன. அவர்கள் நம் நூல்களைப் பார்த்து எழுதினர் என்று பெருமை பேச நாம் முற்படவில்லை; காணாமல் விற்கும் எவரும் இக்கேள்வியை எதிர்கொண்டே தீரவேண்டும்.

ஏலமும் அவ்வாறே. அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கோப்பையையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏலமிட்டு இரண்டு திர்ஹத்திற்கு விற்றுக்கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. வாங்கும் எண்ணமின்றி விலையை மட்டும் ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' தடுக்கப்பட்டதென்பதும் நாமறிந்ததே. இணைய ஏலத்தில் இக்களவு மிக எளிது; விற்பவரே வேறொரு பெயரில் நுழைந்து தம் பொருளுக்குத் தாமே விலை ஏற்றலாம். ஈபே இதனைத் தடைசெய்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் தண்டித்ததும் உண்டு. இதற்கு அஞ்சியோ என்னவோ, வாங்குவோர் வேறோர் உபாயம் கண்டனர். ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். ஆகவே, இறுதிச் சில நொடிகள் வரை வாய்திறவாதிருந்து, பின் திடீரெனக் கேட்டனர். அமேசான் நடத்திய ஏலத்திலோ, இறுதியில் எவரேனும் கேட்டால் நேரம் நீளும். ஆகவே அங்கே இப்பழக்கம் குறைவு என்பதை ராத், ஆக்கன்ஃபெல்ஸ் எனும் இரு பொருளியலாளர் 2002இல் எடுத்துக்காட்டினர்.

இத்துணை விதிகளுக்கும் அகப்படாத ஒன்று எஞ்சி நின்றது. அதுவே ஒலி. நிழற்படத்தில் பளபளப்புத் தெரியும், பழுது தெரியாது. 1970கள் முதல் பல ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பைச் சுற்றி நுரைரப்பர் வளையம் ஒட்டினர். பத்திருபது ஆண்டுகளில் அது பொடிந்து உதிரும். துணி மூடிய பெட்டியின் படத்தில் அது எங்கே தெரியும்? ஆம்பிளிஃபயரினுள் கண்டென்சர்கள் உலர்ந்து போயிருக்கும். ஒலிநாடாக் கருவியின் ரப்பர்ப் பட்டை உருகித் தார்போல் ஒட்டியிருக்கும். வால்வுகளில் போலி மிகுதி. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் ஆலை தன் வால்வுகளின் கண்ணாடி அடிப்பகுதியில் வைர வடிவக் குறியொன்றை அச்சாக வார்த்திருந்தது. மேலே அச்சடித்த பெயரை எவரும் போலியாக இட்டுவிடலாம். அடியிலுள்ள குறியை அவ்வாறு எளிதில் இட முடியாது. ஆகவே, வால்வைத் தலைகீழாக்கி எடுத்த படம் கேட்பது வாங்குவோர் வழக்கமாயிற்று.

விற்போரின் மொழியும் ஒரு தனிக்கலையாய் வளர்ந்தது. 'சோதித்தேன், நன்கு இயங்குகிறது' என்பது ஒன்று. 'மின்சாரம் ஏறுகிறது' என்பது மற்றொன்று; விளக்கு எரிந்தது, ஒலி வந்ததா என்று கேளாதீர் என்பது அதன் கருத்து. 'சோதிக்க வசதியில்லை' என்பது மூன்றாவது. வசதியில்லாதவர் சிலர், சோதித்துப் பார்த்துவிட்டு அவ்வாறெழுதியவர் பலர் என்பதே பட்டறிந்தார் முடிவு. சொல்லுக்குக் காசு கேட்ட வரி விளம்பரம் மறைந்து, எவ்வளவும் எழுதலாம் என்ற நிலை வந்தபின்னரும், சொல்லாமல் விடுவதே பொய்யின் முதல் உருவமாய் நிலைத்துவிட்டது.

பொருள் நல்லதாகவே இருந்தாலும் வழியில் சாகக்கூடும். இசைத்தட்டுக் கருவியின் சுழல்தட்டைக் கழற்றித் தனியே சுற்றவேண்டும், ஊசிக்கையைக் கட்டவேண்டும், அதன் எதிர்எடையை எடுத்துவிட வேண்டும். இவற்றை அறியாதார் அப்படியே பெட்டியிலிட்டு அனுப்பினால், கனத்த தட்டு குதித்து அச்சையும் கையையும் முறித்துவிடும். ஐம்பதாண்டு எக்குறையுமின்றி ஒரே கூடத்தில் வாழ்ந்த கருவி, மூன்று நாள் லாரிப் பயணத்தில் மாண்டது என்பது இச்சந்தையில் அடிக்கடி கேட்ட ஒப்பாரி.

எல்லை கடந்தபோது இயற்பியலும் குறுக்கிட்டது. ஜப்பானில் 1999இல் யாஹூ தன் ஏலத்தைத் தொடங்கிற்று. அதனோடு போட்டியிட வந்த ஈபே 2002இல் அந்நாட்டைவிட்டு விலகிற்று. ஜப்பானியர் தம் பொருள்களைப் பேணிக்காக்கும் முறை புகழ்பெற்றது. முன்னர் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற கருவிகள், இப்பொழுது அங்குள்ள இடையீட்டு நிறுவனங்கள் வழியே வெளிநாடுகளுக்குத் திரும்பி வரலாயின. ஆனால் ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட். தனி டிரான்ஸ்பார்மர் இன்றி வேறு நாட்டில் செருகினால் கருவி கருகும். அங்கே கிழக்குப் பகுதியில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி, மேற்கில் 60. மின்னோட்டத்தின் சுழற்சியைப் பின்பற்றி ஓடும் மோட்டார் கொண்ட கருவி, 60க்கென அமைந்ததாயின், 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். பாடுகின்றவர் குரல் சோம்பிவிடும். பழைய எஃப்.எம். வானொலியோ 76 மெகாஹெர்ட்சில் தொடங்கி 90இல் முடிந்தது. அழகிய அப்பெட்டியை வாங்கிவந்து, தம் ஊர் நிலையங்களில் பெரும்பாலானவை அதில் எட்டா என்பதைக் கண்டு திகைத்தவர் எத்துணையோ பேர்!

நம் நாட்டுக்கும் இக்கதை வந்தது. மும்பையிலிருந்து நடந்த 'பாஸி' எனும் தளத்தை ஈபே 2004இல் வாங்கிற்று; 2017இல் ஃபிளிப்கார்ட்டிடம் அவ்வணிகம் கைமாறி, 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியா மூடப்பட்டது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் நம்மவர் தோளில் சுமந்துவந்த டூ-இன்-ஒன் பெட்டிகள், இன்று பழம்பொருள் என்ற பெயரில் விளம்பரம் பெறுவதை நாம் காண்கின்றோம். அவற்றைக் கடனடைத்து வாங்கியவர் இதைக் கண்டால் சிரிப்பார்.

இழப்புகளையும் சொல்லியாக வேண்டும். வரி விளம்பரங்களால் அமெரிக்கச் செய்தித்தாள்கள் 2000இல் ஏறத்தாழ 1,960 கோடி டாலர் ஈட்டின. 2009இல் அது மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்கிற்று. அவ்வாண்டுகளின் பொருளாதார மந்தமும் அதற்கொரு காரணமே. 'எக்ஸ்சேஞ்ச் அண்ட் மார்ட்' அச்சிதழ் 2009இல் நின்றது. கேட்டுப் பார்த்து வாங்கும் கூடங்களைக் கொண்டிருந்த கடைகள் பல மறைந்தன. இன்னொரு கொடுமையும் உண்டு. முழுக் கருவியை விற்பதைவிட அதனைக் கழற்றி, டிரான்ஸ்பார்மர் ஒருவருக்கும், குமிழ்கள் இன்னொருவருக்கும், முகத்தகடு வேறொருவருக்கும் என்று விற்றால் கூடுதல் பணம் வரும் எனக் கண்டோர், ஓடிக்கொண்டிருந்த கருவிகளையே கூறுபோட்டனர். ஆயினும் அவ்வுதிரிப் பாகங்களாலேயே வேறெங்கோ செத்துக்கிடந்த கருவிகள் உயிர்பெற்றன. பழுதுபார்ப்போர் தொழில் இதனால் தழைத்தது. குப்பைக்குப் போகவிருந்தவை வீடு திரும்பின. இதில் வரவையும் செலவையும் கூட்டிக் கழிப்பது எளிதன்று. வரவே சற்று மிகுதி என்பது நம் எண்ணம்.

அமெரிக்காவில் இசைத்தட்டு 2020இல் குறுந்தட்டை வருவாயில் விஞ்சிற்று. பழைய சுழல்தட்டுகளுக்குத் தேவை பெருகிற்று. பானசோனிக் 2010இல் நிறுத்திவிட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200ஐ 2016இல் மீண்டும் செய்யத் தொடங்கியதும் இவ்வலையின் ஒரு விளைவே.

அண்மை ஆண்டுகளில் சந்தை மற்றொரு திருப்பம் கொண்டிருக்கின்றது. 1995இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பிய மின்மடலாகப் பிறந்த 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' தொடக்கமுதலே ஊருக்குள் விற்பதையே நோக்கமாகக் கொண்டது. 2016இல் ஃபேஸ்புக் தொடங்கிய சந்தையும் அருகிலுள்ளார்க்கே முதலிடம் தந்தது. அனுப்புங்கூலியும் உடைசலும் கண்டு சலித்தவர் அங்கே திரும்பினர். முக்கால் ஆள் உயரப் பெருஸ்பீக்கர்களை விற்கின்றவர் இன்று பெரும்பாலும் ஒரு நிபந்தனை எழுதுகின்றார்: அனுப்ப இயலாது, நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும். வாங்க வருகின்றவர் தமக்கு நன்கு பழகிய இசைத்தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவருகின்றார். விற்பவர் வீட்டுக் கூடத்தில் அதனைச் சுழலவிட்டு, இருவரும் பேசாமல் அமர்ந்து கேட்கின்றனர். விலை பேசுவது அதற்குப் பின்புதான்.